தொழிற்பேட்டையில் ஊருக்கு என்ன பங்கு?



கிராமப்புறப் பொருளாதார வளர்ச்சிக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். பேசுகிறவனுக்கு நேரம் போவது தெரியாது, கேட்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் பஸ்ஸில் கடந்து போகிற ஊர்தான், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை.

இந்த ஊரின் பெயர் அரசாங்கக் கோப்புகளில் இரண்டு திட்டங்களின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று சிப்காட் தொழிற்பூங்கா, 1,127 ஏக்கர். மற்றொன்று கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். இரண்டு ஊர்களின் ஏரிகளையும் இணைத்து, இடையில் இருந்த பட்டா நிலங்களையும் சேர்த்துக் கட்டியது. 2020 நவம்பர் 21ஆம் தேதி திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி, செலவு 380 கோடி ரூபாய். 1944இல் பூண்டி ஏரியைக் கட்டியதற்குப் பிறகு சென்னைக் குடிநீருக்கென்று புதிதாக எழுந்த நீர்த்தேக்கம் இதுதான். ஆக, தொழிலுக்கு நிலமும் தலைநகரத்துக்குத் தண்ணீரும் ஒரே பக்கத்திலிருந்து போயிருக்கின்றன. அந்தப் பக்கத்துக்கு என்ன வந்தது என்பதுதான் இன்று நான் கேட்க விரும்பும் கேள்வி. வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. கம்பெனி வேண்டாம் என்று சொல்கிற ஒரு தகப்பனையும் நான் இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை. பிள்ளைக்கு வேலை வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அந்த 1,127 ஏக்கரும் வருவாய்த் துறைக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. ஊரார் அதைக் காடு என்றார்கள். ஆடு மாடு மேய்ந்தது, விறகு கிடைத்தது, மழை பெய்தால் அங்கிருந்து வழிகிற தண்ணீர் ஏரிக்கு வந்தது. ஊரில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். சொந்த நிலம் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கிற குடும்பங்களுக்கு மேய்க்கால்தான் நிலம். பத்து ஆடு வைத்திருக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இரண்டு குட்டி விற்கப்படும். ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்க வருகிற கூட்டத்தால் கிடாவுக்கு விலை ஏறும். பக்ரீத் சமயத்தில் இன்னும் நல்ல விலை. நடுவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரு வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் போதும். தீவனச் செலவு ஏதும் இல்லை, தீவனம் மேய்க்காலில் இருக்கிறது. அந்த நிலத்துக்கு வேலி விழுந்தால் மறுமாதமே அந்தக் குடும்பம் தழையை விலைக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டை விற்றுவிட வேண்டும். பெரும்பாலும் விற்றுவிடுகிறார்கள்.

பட்டா நிலத்தை அரசு எடுத்தால் நோட்டீஸ் வரும், விசாரணை நடக்கும், இழப்பீடு வரும். போதவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். புறம்போக்கை எடுத்தால் இது எதுவும் கிடையாது. அரசு நிலத்தை அரசே எடுத்துக்கொள்கிறது, ஒரு துறையின் கோப்பிலிருந்து இன்னொரு துறையின் கோப்புக்கு நிலம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆடு மேய்த்தவளின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. நிலம் எடுப்பில் 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிறவரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் சேர்த்தது. தமிழ்நாட்டில் தொழிற்பூங்காக்களுக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது 1997இல் இயற்றிய மாநிலச் சட்டம். அதில் அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஆட்டுக்காரியின் கணக்கு எங்கே எழுதப்படும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தப் பூங்காவுக்கு முதலில் வந்த பெரிய முதலீடு மிஷெலின் டயர் தொழிற்சாலை. 2009இல் ஒப்பந்தம், 4,000 கோடி ரூபாய் முதலீடு. ஊரார் பல ஆண்டுகள் போராடினார்கள். 2012இல் ஊர்ச் சங்கமும் சில பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் பன்னாட்டு நிறுவன வழிகாட்டு நெறிகளின் கீழ் பாரிஸில் முறையிட்டார்கள். நிறுவனம் நெறிகளை மீறவில்லை என்று அடுத்த ஆண்டு முடிவு வந்தது, கூடவே சில பரிந்துரைகளும் வந்தன. கம்பெனியைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. கம்பெனி வந்து இடம் கேட்டது, இந்த இடத்தைக் காட்டியது அரசு. எனக்கு உறுத்துவது வேறு. கும்மிடிப்பூண்டி வட்டத்து ஊர் ஒன்று தன் மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேச பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது. ஒன்றிய அலுவலகத்திலோ சிப்காட் அலுவலகத்திலோ ஊராட்சி சமமாக உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில்தான், 2008 ஏப்ரலில், நூறு நாள் வேலைத் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தது. பெண்கள் மண்வெட்டியோடு போய் ஏரியையும் வரத்துக் கால்வாயையும் தூர் வாரினார்கள். ஒரு துறை கூலி கொடுத்துக் கால்வாயைச் சுத்தம் செய்கிறது, இன்னொரு துறை அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் தருகிற மேட்டு நிலத்தைச் சமன் செய்கிறது. இரண்டும் கிராமப்புற வளர்ச்சிதான், இரண்டுக்கும் தனித்தனி ஆண்டறிக்கை உண்டு.

நம் மாநிலத்தில் தொழில் வளர்ச்சிக்கு அரசு அமைத்த நிறுவனங்கள் சாதாரணமானவை அல்ல. 1949இல் தொழில் முதலீட்டுக் கழகம், 1958இல் கிண்டி தொழிற்பேட்டை, 1965இல் டிட்கோ, 1970இல் சிட்கோ, 1971இல் சிப்காட். இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே நாம் கட்டி முடித்துவிட்டோம். சிப்காட்டின் ஆரம்ப நோக்கமே பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிலைக் கொண்டுபோவது. ராணிப்பேட்டை, ஓசூர், பிறகு கும்மிடிப்பூண்டி என்று போனார்கள். கும்மிடிப்பூண்டியைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. கல்கத்தா டிரங்க் ரோடு ஓரம், கூடூர் போகும் ரயில் பாதை மேல், சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கம், நிலம் மலிவு. இரும்பு உருக்கு ஆலைகள், ரீ-ரோலிங் மில்கள், ரசாயனம், வார்ப்படம் எல்லாம் வந்தன. ஒரு தலைமுறை இங்கே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டது.

தொழிற்பேட்டை வந்தால் அதன் பலன் தானாகச் சுற்றுப்புறத்துக்குக் கசியும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் செய்தார்கள். கொஞ்சம் கசிந்தது, உண்மைதான். எதுவாகக் கசிந்தது, யார் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும்.

முதலில் வேலை. சிப்காட்டுக்குள் போய் ஒரு பையனிடம் "என்னப்பா, பர்மனென்ட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பான். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நல்ல சட்டம், இந்தியாவில் பல மாநிலங்களில் இப்படி ஒன்று கிடையாது. இந்த 480 என்ற எண் இங்கே டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். "480 ஆவறதுக்குள்ள பிரேக் குடுத்துட்டாங்க சார்" என்பது இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். ஒரு காண்ட்ராக்டர் பெயரில் கொஞ்ச நாள், இன்னொரு காண்ட்ராக்டர் பெயரில் கொஞ்ச நாள், நடுவில் டிரெய்னி என்று கொஞ்ச நாள். மெஷின் அதேதான், ஷிப்ட்டும் அதேதான், அடையாள அட்டையில் பெயர் மட்டும் மாறும். ஐ.டி.ஐ. முடித்து வருகிற உள்ளூர்ப் பையன் முப்பது வயதில் திருமணத்துக்கு நிற்கும்போது அவனிடம் இருப்பது ஐந்தாறு கம்பெனி அனுபவம், எந்தக் கம்பெனியிலும் பணிமூப்பு இல்லை.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற தொழிலாளர்கள்மேல் கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. உருக்கு உலையின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காததால்தான் அவர்கள் வந்தார்கள். அந்தக் கூலிக்கு அந்த வேலையை நம் பையன் செய்யமாட்டான், செய்யவும் கூடாது. மண்ணின் மைந்தர்களுக்கு 75 விழுக்காடு என்று ஆந்திரம் 2019இல் சட்டம் போட்டது, ஹரியானாவும் போட்டது. ஹரியானாச் சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நிரந்தரமில்லாத வேலையில் 75 விழுக்காடு வாங்கி என்ன செய்வது? 480 நாள் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் உள்ளூர்க்காரனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் சேர்த்தே நல்லது நடக்கும். தொழிற்சாலை ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரு கிராமப்புற வளர்ச்சித் திட்டம்தான், ஆனால் அதற்கு அடிக்கல் நாட்டு விழா வைக்க முடியாது.

அடுத்து, கம்பெனியைச் சுற்றி நடக்கும் தொழில். ஆள் அனுப்புவது, வேன் ஓட்டுவது, கேன்டீன், தண்ணீர் லாரி, செக்யூரிட்டி, ஸ்கிராப். இதில் ஸ்கிராப்தான் ராஜா. வெட்டி விழுகிற இரும்புத் துண்டை எடுத்துப்போகிற காண்ட்ராக்ட் யாருக்கு என்பதை வைத்தே ஒரு வட்டாரத்தில் யார் பெரிய ஆள் என்று சொல்லிவிடலாம். இதற்காக வெட்டுக்குத்து வரை போனது ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் உண்டு, இந்தப் பக்கமும் உண்டு. தண்ணீர் லாரியின் கதை இன்னும் பழையது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் சென்னைக்காகத் தோண்டிய கிணற்று வயல்கள் மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் இருக்கின்றன. எடுத்ததில் மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. விவசாயக் கிணற்றிலிருந்து லாரிக்குத் தண்ணீர் விற்கிறவருக்கு நெல்லைவிட அது லாபம். பக்கத்து வயல்காரனின் கிணறு இறங்குவதற்கு அவர் பொறுப்பில்லை. ஆக, கசிவு என்று சொன்னேனே, அதில் பெரும்பகுதி நிலமும் பணமும் கட்சித் தொடர்பும் ஏற்கெனவே உள்ளவர் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. வடநாட்டுத் தொழிலாளருக்கு வரிசையாக அறை கட்டி, நாலு அறைக்கு ஒரு குழாய் வைத்து வாடகைக்கு விடுகிற சிறு நிலக்காரர் வரைக்கும் கொஞ்சம் போகிறது. ஆடு மேய்த்த வீட்டுக்குப் போனது தோட்ட வேலையும் கழிவறை சுத்தம் செய்யும் வேலையும்தான், அதுவும் காண்ட்ராக்டில்.

மூன்றாவது, ஊராட்சியின் பணப்பெட்டி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கம்பெனியிடமிருந்து ஊராட்சிக்குச் சட்டப்படி வரக்கூடியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கட்டட வரி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் அதற்கு வீட்டு வரி என்றே பெயர், ஓட்டு வீட்டுக்கும் டயர் ஆலைக்கும் ஒரே தலைப்பு. இன்னொன்று தொழில் வரி. சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒரு முறை பிடிக்கிறார்களே, அதுதான். அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு இந்த வரிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 250 ரூபாயாக இருந்ததை 1988இல் 2,500 ஆக்கினார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. அதற்குப் பிறகு அந்த எண் நகரவே இல்லை. ஆயிரம் பேர் வேலை செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஒவ்வொருவரும் உச்சவரம்பைக் கட்டினாலும் ஆண்டுக்கு 25 லட்சத்தைத் தாண்டாது. பெரும்பாலானவர்கள் உச்சவரம்பு கட்டும் சம்பளத்தில் இல்லை. சிப்காட்டோ தன் எல்லைக்குள் சாலைக்கும் தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் கம்பெனிகளிடம் தனியாகப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறது. "அங்கே கட்டுகிறோமே, உங்களுக்கு எதற்கு?" என்று கம்பெனிக்காரர் கேட்டால், அறுபதாயிரம் ரூபாய் பில்லுக்கே ஒன்றிய அலுவலகத்துக்கு அலைகிற ஊராட்சிச் செயலர் என்ன பதில் சொல்வார்? 2018ஆம் ஆண்டுத் தொழில் எளிதாக்கல் சட்டத்தின்படி, குறித்த காலத்துக்குள் அனுமதி தராவிட்டால் தந்ததாகவே கருதப்படும். முதலீட்டாளருக்கு நிம்மதி, நானும் வரவேற்கிறேன். ஆனால் ஊராட்சியிடம் பேரம் பேச இருந்த ஒரே கருவி அந்தக் கட்டட அனுமதிதான், அதுவும் போய்விட்டது.

பணப்பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை இங்கே ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்ததும், மாவட்டத்தின் 526 ஊராட்சிகளும் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. அமைச்சர்கள் கையெழுத்திடும் முதலீட்டு ஒப்பந்தங்கள் மட்டும் எந்த ஆண்டும் நின்றதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கை உங்களுக்கு நினைவூட்ட ஆசை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். பொன்னேரிப் பக்கமும் அதில் சேர்ந்தது. ஊர்க் கணக்குகளின் ஓலைச் சுவடிகளும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றின்படி, களத்தில் நெல் குவிந்ததும், உழுதவன் பங்கும் அரசன் பங்கும் பிரிவதற்கு முன்பே, பொதுக் குவியலிலிருந்து மேரை என்ற பங்கை எடுத்துவைப்பார்கள். ஏரிக்கு இவ்வளவு, கணக்கனுக்கு இவ்வளவு, காவலுக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு இவ்வளவு என்று. யாரும் யாரிடமும் கையேந்திக் கேட்க வேண்டியதில்லை, அது முறை. அந்த ஏற்பாட்டை அப்படியே புகழ நான் தயாராக இல்லை. சாதிப்படிதான் பங்கு, கடைசியில் இருந்தவனுக்கு மரக்கால் கணக்கில்தான் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு நிதி ஒழுங்கு இருந்தது. ஊரை நடத்துகிற செலவு விளைச்சலின் முதல் பங்கு. மிஞ்சினால் தருகிற தருமம் என்று அதை வைக்கவில்லை.

இன்றைக்கு நாம் தருமம் என்றுதான் வைத்திருக்கிறோம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதை எந்த ஊரில், எதற்குச் செலவிடுவது என்பது கம்பெனியின் முடிவு. உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு, வற்புறுத்த வழியில்லை. ஊராட்சித் தலைவர் மனுவை எடுத்துக்கொண்டு எச்.ஆர். மேனேஜரைப் பார்க்கப் போவார். கேட் செக்யூரிட்டி "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்பார். கடைசியில் பள்ளிக்கு இரண்டு பீரோ, ஒரு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம், ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.

இதற்கு மாற்று உண்டா? நம் நாட்டிலேயே இருக்கிறது. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். கனிமம் வெட்டுகிறவர், அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு கூடுதலாக, மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும். பழைய குத்தகையானால் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகை, புதிய ஏலக் குத்தகையானால் 10 விழுக்காடு. அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே போக வேண்டும். நடைமுறையில் ஆயிரம் ஓட்டை உண்டு, மாவட்டத் தலைநகரில் கட்டடம் கட்டிய கதைகளும் உண்டு. ஆனால் உரிமை என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டது. மண்ணை வெட்டினால் ஊருக்குப் பங்கு உண்டு, மண்ணின் மேல் தொழிற்சாலை கட்டினால் பங்கு இல்லை என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

சிப்காட் மனைகளை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கிறது. அந்தக் குத்தகைத் தொகையில் ஒரு விழுக்காடு, அரசு முதலீட்டாளருக்குத் திருப்பித் தருகிற மாநில ஜி.எஸ்.டி. சலுகையில் ஒரு விழுக்காடு, இவை இரண்டையும் தொழிற்பூங்கா எல்லைக்குள்ளும் எல்லையை ஒட்டியும் இருக்கிற ஊராட்சிகளின் பொது நிதியாகச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது என் யோசனை. கம்பெனி ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டாம், அரசு விட்டுக்கொடுக்கிற பணத்தில் கொஞ்சம் ஊர்ப்பக்கம் திரும்பினால் போதும். அந்த நிதிக்கு முதல் உரிமையாளர்கள் மேய்க்கால் இழந்த நிலமற்ற குடும்பங்கள். யார் யார் என்று பட்டா வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கிராம சபையில் பெயர் வாசித்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

கிராம சபை என்றதும் சிலர் புருவம் உயர்த்துவீர்கள், நியாயம்தான். 2020ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, இதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், தலைவராக இருந்த தலித் பெண்மணியைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்தபின் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். தொழிற்பேட்டை வந்து எத்தனையோ ஆண்டு கழிந்தபிறகு நடந்தது இது. ஆகவே பணத்தை ஊருக்குக் கொடுத்தால் ஊரில் யார் கைக்குப் போகும் என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. அதற்காகத்தான் நிலமற்றோருக்கு முதல் உரிமை என்பதைத் தீர்மானமாக விடாமல் சட்டத்தில் எழுதச் சொல்கிறேன்.

பக்கத்து மாநிலம் போட்டிக்கு நிற்கிறதே என்பார்கள். ஆரம்பாக்கம் சோதனைச் சாவடி தாண்டினால் தடா. 2008 முதல் அங்கே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வளர்கிறது. ஜப்பான்காரர்களும் சாக்லேட் கம்பெனியும் அங்கே போனார்கள். நாம் ஒரு சதவீதம் பிடித்தால் எல்லோரும் எல்லை தாண்டிவிடுவார்களா? நான் சொன்ன வழியில் முதலீட்டாளர் கையிலிருந்து பிடிப்பது மிகச் சொற்பம். தவிர, துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள், உதிரிப்பாகம் செய்கிற அம்பத்தூர்ச் சிறு பட்டறைகள், இவையெல்லாம் சென்னைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் ஸ்ரீசிட்டியே அங்கே நிற்கிறது. இன்னொரு நாட்டையும் பாருங்கள். சீனத்தில் 1980களில் கிராம, நகரியத் தொழில்கள் பெருகியபோது பலவற்றுக்கு ஊரே முதலாளி. லாபத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். 1996இல் அந்த நிறுவனங்களில் 13.5 கோடிப் பேர் வேலை செய்தார்கள். அந்த முறை பின்னால் கலைந்துபோனது, ஊழலும் இருந்தது. ஆனால் ஊருக்குப் பங்கு கொடுத்தால் தொழில் ஓடிவிடும் என்ற வாதத்துக்கு அது பதில்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தைச் சொல்லாமல் முடித்தால் தவறு. 2021 தொழிற்கொள்கை மாவட்டங்களை மூன்றாகப் பிரித்து, வளர்ந்த மாவட்டங்கள் வரிசையில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரத்தோடு திருவள்ளூரையும் வைத்தது. வளர்ந்த மாவட்டத்துக்குச் சலுகை குறைவு. அம்பத்தூரையும் ஆவடியையும் கும்மிடிப்பூண்டியையும் பார்த்தால் அது சரி. ஆனால் பள்ளிப்பட்டும் ஆர்.கே. பேட்டையும் அதே மாவட்டம்தான். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச் சத்தம் கேட்கிறது, பெரிய தொழிற்சாலைச் சங்கு கேட்பதில்லை. சிறுதொழில் துறை தன் மானியத்துக்கு ஒன்றியத்தை அலகாக வைத்து 251 பின்தங்கிய ஒன்றியங்களைப் பட்டியலிட்டது. பெருந்தொழில் துறை மாவட்டத்தை அலகாக வைக்கிறது. ஒரே அரசு, இரண்டு அளவுகோல். ஒன்றிய அளவுகோலே சரி. அந்தப் பக்கத்து வீடுகளுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த கொள்கை எது என்று கேட்டால், கட்டணமில்லா மின்சாரத்தைச் சொல்வார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்பது 2023இல் 1,000 ஆனது, கைத்தறிக்கு 200 என்பது 300 ஆனது. இடையில் காண்ட்ராக்டர் யாரும் இல்லை, மீட்டர் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

வரப்போவதும் கொஞ்சமில்லை. மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கு 2022இல் அடிக்கல் நாட்டியாயிற்று. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை சுற்றுச்சாலை, சித்தூரிலிருந்து தச்சூருக்கு ஆறு வழிச்சாலை என்று ஒவ்வொன்றும் இந்த மாவட்டத்தின் நிலத்தைத்தான் கேட்கிறது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களில் நீர்நிலைகள் குறுக்கிட்டால் அவற்றையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க 2023 ஏப்ரலில் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஏரியும் ஓடையும் மேய்க்காலும் நிறைந்த மாவட்டம் இது, அந்தச் சட்டம் முதலில் தட்டப்போகும் கதவுகளில் நம்முடையதும் இருக்கும். தேர்வாய் கண்டிகையில் விட்டதை இனிமேலாவது எழுதி வாங்க வேண்டும்.

ஊராட்சி நண்பர்களுக்கும், வாக்களிக்கும் வயது வந்த மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊராட்சி எல்லைக்குள் எத்தனை கம்பெனி இருக்கிறது, ஒவ்வொன்றும் கட்டட வரி எவ்வளவு கட்டியது, தொழில் வரி எத்தனை பேருக்குக் கட்டியது, நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். மீதியுள்ள மேய்க்கால் புறம்போக்கின் சர்வே எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்து, படித்துக் காட்டியபின் கையெழுத்துப் போடுங்கள்.